அழுத்தத்தைக் கூட்டும் முன்

சோடாவில் கேஸ் நிற்கவில்லை என்றால், தொழிலுக்குப் புதிதாக வந்த பையன் முதலில் கைவைப்பது ரெகுலேட்டரில்தான். நாலு பவுண்டு அழுத்தம் கூட்டுவான். அப்போதும் சரிவரவில்லையா, இன்னும் நாலு. பாலக்கோட்டில் சோடாத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். என்னிடம் வேலை கற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் நாளே சொன்னது ஒன்றுதான்: "ரெகுலேட்டர விடு. தண்ணி சூடா இருக்கா, பாரு. எங்கயாவது கசியுதா, பாரு. கேஸ் கரையறதுக்கு நேரம் குடுத்தியா, யோசி. மூணும் சரியா இருந்தா அப்புறம் அதத் தொடு."

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தங்கையின் பேரன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். விடுமுறை நாட்களில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். அங்கே அதற்கு அனுமதி உண்டு. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். நம் ஊரில் அது குற்றம். இந்தியாவிலேயே மதுவிலக்கு முன்னோடியாக வந்த இடம் நம்முடையது. 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில் அதைக் கொண்டுவந்தபோது தர்மபுரியும் பாலக்கோடும் சேலத்தோடுதான் இருந்தன. தனி மாவட்டம் ஆனது 1965-ல். அந்த 1937-ம் ஆண்டுச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது.

குடியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதை அவனிடம் ஒரு முறை சொல்லிவிட்டேன். ஆனால் அவன் போன் போட்டுக் கேட்டது குடியைப் பற்றி அல்ல, கேஸைப் பற்றி. கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கேட்காததற்குப் புத்தி சொல்லும் பெரியவரிடம் பிள்ளைகள் மறுபடி வரமாட்டார்கள். அதனால் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"தாத்தா, கெக்ல பீர ஊத்தி 12 பவுண்டு கேஸ் குடுத்தேன். நாலு நாள் ஆச்சு, தண்ணி மாதிரி சப்புன்னு இருக்கு. 30-க்கு ஏத்தினேன். அப்புறம் தூக்கி ஃபிரிட்ஜ்ல வெச்சேன். இப்ப டேப்பத் திறந்தா கிளாஸ் முழுக்க நுரைதான் வருது. நுரை அடங்குனா மறுபடியும் சப்புன்னு இருக்கு."

கெக் என்று அவன் சொன்னது சுமார் 19 லிட்டர் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகு உருளை. அது பீருக்காகப் பிறந்ததே அல்ல. குளிர்பானக் கம்பெனிகள் சிரப் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பிய பாத்திரம் அது. பிறகு அவர்கள் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்த முறைக்கு மாறியதும், பழைய உருளைகளை வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே அது எங்கள் தொழிலின் சாமான். அவன் கேட்டது சரியான இடத்தில்தான்.

"நாலு நாள் எங்க வெச்சிருந்த?" என்றேன். "கார் நிறுத்தற ரூம்ல." "அங்க என்ன சூடு?" "25 டிகிரி இருக்கும்." பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த தண்ணீரில் கரைகிற அளவுக்குச் சூடான தண்ணீரில் கரையாது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், பூஜ்ஜியம் டிகிரியில் ஏறக்குறைய 1.7 லிட்டர் கேஸை வாங்கிக்கொள்ளும். 15 டிகிரியில் ஒரு லிட்டர். 25 டிகிரியில் முக்கால் லிட்டர்தான். பீருக்குப் பெரும்பாலும் இரண்டரை மடங்கு கேஸ் வேண்டும்; சோடாவுக்கு மூன்றரை, நான்கு மடங்கு வரை போகலாம். பீர் மூன்று, நான்கு டிகிரிக் குளிரில் இருந்தால் அந்த இரண்டரை மடங்குக்கு 10 முதல் 12 பவுண்டு போதும். 25 டிகிரியில் அதே அளவு ஏற 30 பவுண்டுக்கு மேல் வேண்டும். அவன் சூடான அறையில் 12 பவுண்டு கொடுத்துவிட்டு ஏமாந்தான். பிறகு 30 பவுண்டு கொடுத்து அப்படியே குளிரில் வைத்தான். குளிர்ந்ததும் பீர் அளவுக்கு மீறிக் கேஸைக் குடித்துவிட்டது. முதலில் குறை, பிறகு மிகை. இரண்டுமே சூட்டைக் கவனிக்காமல் அழுத்தத்தைத் திருகியதால் வந்தவை.

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் நாங்கள் சோடா போட்டது விடியற்காலையில்தான். கிணற்றுத் தண்ணீரை முந்தின இரவே இறைத்துத் தொட்டியில் விட்டு, மேலே ஈரச் சாக்குப் போட்டு வைப்போம். நாலு மணிக்கு மெஷின் சுற்ற ஆரம்பித்தால் வெயில் ஏறும் முன் அன்றைய சரக்கு முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் பகல் பதினோரு மணிக்குப் போட்ட சோடாவையும் விடியலில் போட்ட சோடாவையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலே வித்தியாசம் தெரியும். தண்ணீர் ஒன்று, மெஷின் ஒன்று, பவுண்டு ஒன்று. நேரம்தான் வேறு.

மனிதர்கள் விஷயத்திலும் நான் முதலில் சூட்டைத்தான் பார்ப்பேன். எங்கள் தெருவில் ஒரு பையன் பத்தாம் வகுப்பில் பின்தங்கினான். அவன் அப்பா டியூஷன் வைத்தார். அதிலும் மார்க் ஏறவில்லை, இன்னொரு டியூஷன். அதற்கும் மேலே அடி. ஒரு நாள் பையன் என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டான். எழுப்பி விசாரித்தேன். தக்காளி சீசன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, தோட்டத்தில் கிரேடுகளை ஏற்றிவிட்டு, மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்று தெரியும். தூக்கமில்லாத பிள்ளையின் தலையில் பாடம் எப்படி ஏறும்? அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். மார்ச் வரை லோடுக்கு வேறு ஆள் வைத்தார். இரண்டு டியூஷனில் ஒன்றையும் நிறுத்தினார். பையன் பாஸ் பண்ணினான். இன்று ஓசூரில் வேலையில் இருக்கிறான்.

அடுத்தது கசிவு. பேரனிடம், "சிலிண்டர் எத்தன நாளைக்கு வருது?" என்று கேட்டேன். போன வாரம் நிரப்பியது தீர்ந்துவிட்டது என்றான். அப்படியானால் எங்கோ கசிகிறது. "ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி கலக்கி, பிரஷ்ஷால ஒவ்வொரு இணைப்புலயும் தடவு. குமிழி எங்க வருதோ அங்கதான்." சிலிண்டர் வால்வில், ரெகுலேட்டர் நட்டில், ட்யூப் கிளிப்பில், கெக்கின் கேஸ் முனையில், மூடியைச் சுற்றி. வீடியோவில் காட்டினான். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு ஓரம், கடுகளவு குமிழி மெதுவாகப் பெரிதாகி உடைந்து, மறுபடி கிளம்பியது. ஒரு ரப்பர் வளையம்! அதற்காகச் சிலிண்டரையே காலி பண்ணியிருக்கிறான்.

கோலி சோடாவில் தொழில் முழுவதும் அந்த வளையத்தில்தான் இருந்தது. ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-ல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. கழுத்தை இடுக்கி, உள்ளே ஒரு கண்ணாடிக் கோலியைப் போட்டு, வாயின் உட்புறம் ரப்பர் வளையம் வைத்தார். மெஷினில் பாட்டில்களை மாட்டிக் கேஸைத் திறந்து சுற்றுவோம். பாட்டில் தலைகீழாகும்போது கோலி வளையத்தில் வந்து உட்காரும். உள்ளிருக்கும் கேஸே அதை அழுத்திப் பிடித்து அடைத்துக்கொள்ளும். மூடி வேண்டாம், கார்க் வேண்டாம். பொருளைக் காப்பது அந்தப் பொருளுக்குள் இருக்கும் அழுத்தமேதான். இவ்வளவு அழகான வேலைப்பாட்டை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே கோலி பாட்டிலில்தான் வருகிறது.

ஆனால் வளையம் காய்ந்து வெடித்தால் கோலி எவ்வளவு உருண்டையாக இருந்தும் பயனில்லை. சாயங்காலம் வரிசையில் நிற்கும் பாட்டில்களில் எதிலாவது கோலி கீழே இறங்கிக் கிடந்தால் அதை எடுத்துத் தனியாக வைப்போம். வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்து, பள்ளத்தில் தங்கிய அழுக்கைத் துடைத்து, புது வளையம் போடுவோம். அதற்கு அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்துக்குச் சோம்பல்பட்ட கடைகளின் சரக்குதான் திரும்பி வரும்.

சம்பளம் பற்றாமல் தவிக்கும் இளைஞர்கள் பலர் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். இன்னொரு வேலை தேடலாமா, வெளிநாடு போகலாமா என்பார்கள். போகலாம், தப்பில்லை. அதற்கு முன் மூன்று மாதம் நோட்டுப் போட்டுச் செலவை எழுதிக் கொண்டுவா என்பேன். எழுதிக் கொண்டுவந்தவர்களில் பலருக்கு, போனில் வாங்கிய சின்னச் சின்னக் கடன்களின் வட்டியும் தவணையும்தான் சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத கசிவுதான் அதிகம் கொண்டுபோகும். சத்தம் போட்டுக் கசிந்தால் யாரும் உடனே அடைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, நேரம். கேஸ் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே இறங்கும். அசையாமல் நிற்கும் கெக்கில் குளிரில் 12 பவுண்டு வைத்தால் பீர் பதமாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அவசரப்படுகிறவர்கள் 30 பவுண்டு வைத்துக் கெக்கைக் குலுக்குகிறார்கள். குலுக்குவது பாவமில்லை. எங்கள் கோலி மெஷினே பாட்டிலைச் சுற்றிக் குலுக்குகிற மெஷின்தான். குலுங்கும்போது தண்ணீரும் கேஸும் தொடும் பரப்பு பெருகுகிறது, சீக்கிரம் கரைகிறது. ஆனால் எங்கள் மெஷினில் எத்தனை சுற்று என்று கைக்குத் தெரியும். ஒரே சாமானை ஒரே மாதிரி ஆயிரம் தடவை செய்த கைக்கு மட்டும் வரும் அளவு அது. மாதத்துக்கு ஒரு கெக் நிரப்புகிறவனுக்கு அது வராது. அவனுக்குப் பத்து நாள் காத்திருப்பதே குறுக்கு வழி.

காத்திருக்காமல் கெட்ட கதையும் ஒன்று உண்டு. 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு வந்த அறிவிப்பு அது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் போவண்டோவைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். எங்கள் மாதிரிச் சின்னக் கடைகளின் பன்னீர் சோடாவுக்கும் கோலி சோடாவுக்கும் மதிப்பு வந்தது. அந்தக் கோடையில் இந்தப் பக்கத்தில் ஒரு புதுக் கம்பெனி முளைத்தது. நல்ல லேபிள், நல்ல வேன். குளிர வைக்கும் இயந்திரம் வந்து சேர்வதற்குள் சரக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். சூடான தண்ணீர், ஏற்றிய அழுத்தம், அவசர மூடி. கடைக்காரர் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்கிவிட்டு அடுத்த நிமிஷமே சப்பென்று ஆகிவிடும். இரண்டாவது தடவை அந்தச் சரக்கை வாங்க ஆளில்லை. ஒரு மாதம் பொறுத்திருந்தால் நின்றிருக்கக்கூடிய கம்பெனி அது. பொறுமை என்பது சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்து அந்த நேரத்தைக் கொடுப்பது.

நொதிப்பு முடியும் முன் பீரைப் பாட்டிலில் அடைப்பது இதைவிட ஆபத்து. ஈஸ்ட் உள்ளே சர்க்கரையைத் தின்று கேஸ் விட்டுக்கொண்டே இருக்கும், கண்ணாடி வெடிக்கும். வெடித்த பாட்டில் என்ன செய்யும் என்று சோடாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்பு வலைக்குப் பின்னால் நின்றுதான் நாங்கள் மெஷின் சுற்றினோம்.

இனி அந்த நுரை. நுரை பொங்கினால் கேஸ் அதிகம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பேரன் விஷயத்தில் அது உண்மைதான். கேஸ் இணைப்பை எடுத்துவிட்டு, கெக்கின் மேலிருக்கும் விடுவிப்பு வால்வை இழுத்துக் கேஸை வெளியேற்று, சில மணி நேரம் கழித்து மறுபடி இழு, இரண்டு நாள் இப்படிச் செய்தபிறகு 12 பவுண்டில் வை என்றேன். ஆனால் கேஸ் சரியாக இருந்தும் நுரை வரலாம். ட்யூப் குட்டையாக இருந்தால் அழுத்தம் வழியில் தணியாமல் டேப்பில் வந்து சிதறும். அவன் ஓர் அடி ட்யூப் போட்டிருந்தான். அந்த அழுத்தத்துக்கு மெல்லிய ட்யூப் பத்தடி நீளம் வேண்டும். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து அடுத்தது நன்றாக வந்தால் டேப் சூடாக இருக்கிறது. எல்லாக் கிளாஸும் நுரைத்தால் ட்யூபில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுக்கும் கீறலும் சுண்ணாம்புப் படிவும் இருக்கும் இடத்தில்தான் குமிழி பிறக்கும். நுரையாக வெளியேறிய கேஸ் கிளாஸில் இருக்காது. அதனால்தான் ஒரே கிளாஸில் மேலே நுரையும் கீழே சப்பென்ற பானமும்.

சத்தமாகப் பேசுகிறவர்களிடம் விஷயம் அதிகம் என்று நம்பிவிடாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல கிராமங்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையும், பெரியவர்களுக்கு மூட்டு விறைப்பும் வந்தது அதனால். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. கேஸ் எவ்வளவு நன்றாக ஏறியிருந்தாலும் தண்ணீர் கெட்டிருந்தால் அது நல்ல சோடா இல்லை. போர் தண்ணீரில் சோடா போட்டால் லாபம் அதிகம். ஆனால் குடிப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் யாராவது தொழில் தொடங்க வந்தால் நான் மெஷினைக் காட்டவே மாட்டேன்.

சிலிண்டர் மீட்டரைப் பற்றியும் கேட்டான். "தாத்தா, மீட்டர் நேத்து வரைக்கும் நல்லா காட்டுச்சு, இன்னிக்குத் திடீர்னு விழுந்துடுச்சு." அது அப்படித்தான். சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். கேஸ் போகப் போகத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும் வரை முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், தீர்ந்ததும் சரியும். 20 டிகிரியில் அந்த முள் 57 பார் அருகே நிற்கும், பாதி இருந்தாலும் கால் இருந்தாலும். அதனால் சிலிண்டரைத் தராசில் வைத்துத்தான் மிச்சம் எவ்வளவு என்று அறிய முடியும். காலி எடை அதன் தோளில் பொறித்திருக்கும். மனித உடம்பும் அந்த மீட்டர் மாதிரிதான். நடுத்தர வயதில் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று விழுந்த செய்திகளை நான் நிறையக் கேட்டுவிட்டேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது.

பேரனிடம் கடைசியாக ஒரு சரித்திரம் சொன்னேன். 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளின் மேல் கனமாகப் படிந்து கிடந்த காற்று அவர் கண்ணில் பட்டது. தொட்டிக்கு மேலே தண்ணீரைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தண்ணீரில் இனிய புளிப்பும் குமிழியும் ஏறின. செய்முறையை 1772-ல் புத்தகமாகப் போட்டார். 1783-ல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப்பே அதைத் தொழிலாக்கினார். எங்கள் சோடா பிறந்ததே பீர்த் தொட்டிக்கு மேலேதான். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழிலா தாத்தா?" என்றான். "கேஸ் ஒண்ணுதான் கண்ணு. நீ பன்னீர் சோடாவும் போட்டுப் பாரு, அந்த கெக்குலயே வரும்" என்றேன். அடுத்த முறை போட்டான். அவன் பிள்ளைகளும் குடித்தார்களாம்.

கேஸ் சிலிண்டரைக் கையாளும் பிள்ளைகள் எல்லோருக்கும், அது சோடாக் கடையோ பீர் கெக்கோ ஓட்டல் ஃபவுண்டன் மெஷினோ எதுவாக இருந்தாலும், என் வேண்டுகோள் இது. சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவமே நிற்காது, அழுத்தம் வேகமாக ஏறும். ரெகுலேட்டர் இல்லாமல் நேராக எதிலும் இணைக்காதீர்கள். சோதனைத் தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள். கெக் மூடியைத் திறக்கும் முன் அழுத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், மணமோ நிறமோ கிடையாது, தாழ்வான அறையில் தரையோடு தேங்கும். கசிந்த அறைக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க அப்படியே உள்ளே ஓடாதீர்கள். கதவு சன்னல்களை வெளியிலிருந்து திறந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், 108-க்குப் போன் பண்ணுங்கள். சிலிண்டர் இருக்கும் அறையின் சன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும்.